வீட்டிலேயே ஸ்கோப் கிளிக் அளந்தேன்: 120 கிளிக்குக்கு 82 மிமீதான் வருகிறது

தண்டையார்பேட்டைக்காரன் | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 4.5 மிமீ ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், பேரலை மடக்கி லோடு செய்யும் ரகம். மேலே 3-9×40 ஸ்கோப், அதாவது 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கி. முன் கண்ணாடி வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்ய வேண்டும். கும்மிடிப்பூண்டி தாண்டி நண்பர் ஒருவரின் தோப்பில், பெரிய மண்மேட்டை முன்னால் வைத்துத்தான் சுடுவோம். 25 மீட்டரில் ஜீரோ, அதாவது குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு படும். 45 மீட்டருக்கு ஸ்கோப்பின் உயர நாபை (திருகு குமிழை) 24 கிளிக் ஏற்றினால் குண்டு சுமார் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்து விழுகிறது. மூன்று வாரமாக இதே கதை. கிளிக் அளவே பொய்யோ என்று சந்தேகம் வந்து, ஸ்கோப்பைக் கழற்றி வீட்டிலேயே அளந்து பார்த்தேன்.

எங்கள் வீடு பழைய காலத்து வீடு. தெருக்கதவிலிருந்து பின்கட்டுக் கிணறு வரை நேராக 13 மீட்டருக்கு மேல் ஓடும் நடை. ஒரு முனையில் அம்மியின் மேல் மரக்கட்டை, கட்டையில் ஸ்கோப். மறுமுனைச் சுவரில் கிராஃப் தாள். ஆண்டர்சன் தெருவில் வாங்கிய அச்சுத் தாள்தான், வீட்டில் பிரின்ட் எடுத்தது இல்லை. கண் வைக்கும் இடத்திலிருந்து சுவர் வரை டேப் பிடித்துச் சரியாக 10 மீட்டர்.

கணக்கு இது: எம்ஓஏ என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 10 மீட்டரில் 1 எம்ஓஏ 2.909 மிமீ. ஒரு கிளிக் கால் எம்ஓஏ. 120 கிளிக் என்றால் 30 எம்ஓஏ, அதாவது குறுக்குக்கோடு தாளில் 87.3 மிமீ நகர வேண்டும். எனக்கு வந்தது 82 மிமீ. ஆறு சதவீதம் குறைவு. கடையில் திருப்பிக் கொடுக்க இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. கொடுத்துவிடட்டுமா?

வியாசர்பாடி லேத் | ஞாயிறு, இரவு 9.32

தம்பி, அவசரப்படாதே. அம்மி கனம்தான், ஆனால் கட்டை அம்மியோடு ஒட்டியிருக்கிறதா? நாபைத் திருப்பும்போது விரல் கொடுக்கும் முறுக்கே கட்டையை அரை மிமீ நகர்த்திவிடும். இந்த முனையில் கட்டை இம்மி திரும்பினாலும் 10 மீட்டர் தள்ளி அது பெரிதாகத் தெரியும். ஸ்கோப்பை எப்படிப் பிடித்திருக்கிறாய்? வைஸில் நேரடியாகக் கவ்வினாயா? அப்படிச் செய்திருந்தால் முதலில் அதைக் கழற்று. 25.4 மிமீ குழாய் மெல்லிய அலுமினியம். வைஸ் வாய் இறுகினால் நெளிந்துபோகும், உள்ளே நாபோடு நகரும் குழாயும் சிக்கிக்கொள்ளும்.

தண்டையார்பேட்டைக்காரன் | ஞாயிறு, இரவு 9.41

இல்லை அண்ணே, வைஸில் பிடிக்கவில்லை. ரைஃபிளிலிருந்து மவுன்ட் வளையங்களோடே கழற்றி, தேக்குக் கட்டையில் திருகி வைத்தேன். கட்டையின் இரண்டு பக்கமும் ஜி கிளாம்ப். கடைசியில் நாபை ஜீரோவுக்குத் திருப்பியபோது குறுக்குக்கோடு பழைய புள்ளிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. அதனால் கட்டை நகரவில்லை என்று நினைத்தேன்.

கொருக்குப்பேட்டை பையன் | ஞாயிறு, இரவு 9.55

அண்ணே, ஏன் இவ்வளவு வேலை? துப்பாக்கியோடு மொட்டை மாடியில் வைத்து நாலு குண்டு சுட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே. ஏர்கன்னுக்குத்தான் லைசென்ஸ் வேண்டாமே?

திருவொற்றியூர் 10மீ | ஞாயிறு, இரவு 10.08

தம்பி, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மிமீ விட்டத்துக்கும் 20 ஜூல் சக்திக்கும் உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. வைத்துக்கொள்வதைப் பற்றிய விதி அது. நம் ஊர் மாடிகளை யோசித்துப் பார். ஒரு கைப்பிடிச் சுவர், அடுத்து இன்னொரு மாடி, அங்கே துணி காயப்போடும் பெண்கள், பட்டம் விடும் குழந்தைகள். 4.5 மிமீ ஈயக் குண்டு 20 மீட்டரில் ஒரு கண்ணைப் போக்கப் போதும். பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி நடந்தால் அது தனிக் குற்றம், லைசென்ஸ் விலக்கு அங்கே காப்பாற்றாது. நான் பதினோரு வருடமாகக் கிளப்பில் 10 மீட்டர் சுடுகிறேன். ஒரு நாளும் வீட்டில் குண்டு போட்டதில்லை.

ஸ்கோப்பைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி அளந்ததுதான் இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். துப்பாக்கியோடு சன்னலில் வைத்துப் பார்த்திருந்தால் எதிர்வீட்டார் என்ன நினைப்பார்கள்? அதோடு சுட்டுப் பார்ப்பதில் குண்டின் சிதறல், மூச்சு, காற்று எல்லாம் கலந்துவிடும். ஸ்கோப்பின் குற்றம் எது, நம் குற்றம் எது என்று பிரிக்கவே முடியாது.

தண்டையார்பேட்டைக்காரரே, ஒரு கேள்வி. நாபின் மேல் என்ன எழுதியிருக்கிறது, கால் எம்ஓஏவா, 100 கஜத்துக்குக் கால் அங்குலமா? இரண்டும் ஒன்றில்லை. 100 கஜத்தில் 1 எம்ஓஏ 1.047 அங்குலம். கிட்டத்தட்ட ஐந்து சதவீத வித்தியாசம் அங்கேயே ஒளிந்திருக்கலாம்.

தண்டையார்பேட்டைக்காரன் | ஞாயிறு, இரவு 10.15

அக்கா, மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கால் எம்ஓஏ என்றுதான் இருக்கிறது. ஸ்கோப்போடு வந்த தாளிலும் அதே.

பழைய பௌதிகம் | திங்கள், காலை 6.20

ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியன் நான். நேற்றிரவே படித்தேன், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

தூரத்தைக் கண் வைக்கும் முனையிலிருந்து அளந்தது தவறு. குறி பார்க்கும் கோடு முன் கண்ணாடியின் நடுவைப் பிடித்துக்கொண்டுதான் சாய்கிறது. கதவுக்குக் கீல் மாதிரி அந்த முன் லென்ஸ். கதவின் வீச்சைக் கீலிலிருந்துதானே அளப்போம்? உள்ளே குழாய் சற்று மேலேறினால், முன் லென்ஸ் விழவைக்கும் பிம்பத்தில் வேறொரு புள்ளியைக் குறுக்குக்கோடு தொடுகிறது. அந்தப் புள்ளியையும் லென்ஸின் நடுவையும் சேர்த்து வெளியே நீட்டினால் சுவரில் எங்கே படுகிறதோ, அதுதான் நீங்கள் பார்க்கும் இடம்.

ஸ்கோப்பின் நீளம் சுமார் 30 சென்டிமீட்டர் இருக்கும். 100 மீட்டரில் அதை யாரும் கவனிக்க வேண்டியதில்லை. 10 மீட்டரில் அது மூன்று சதவீதத்துக்கு மேல். உங்கள் ஸ்கோப்பின் நீளம் என்ன?

தண்டையார்பேட்டைக்காரன் | திங்கள், காலை 7.05

34 சென்டிமீட்டர் சார். அப்படியானால் முன் கண்ணாடியிலிருந்து சுவருக்கு 9.66 மீட்டர்தான். எதிர்பார்க்க வேண்டியது 84.3 மிமீ. ஆறு சதவீதம் இரண்டே முக்காலுக்கு இறங்கிவிட்டது! காலையிலேயே மனம் லேசாகிவிட்டது.

பழைய பௌதிகம் | திங்கள், காலை 7.30

இன்னும் ஒன்று பாக்கி. ஃபோகஸ் வளையத்தை 10 மீட்டருக்குத் திருப்பும்போது முன் லென்ஸ் முழுவதும் வெளியே நகர்கிறது. பிம்பம் லென்ஸிலிருந்து சற்றுத் தள்ளி விழுகிறது. குழாய் உள்ளே நகரும் தூரம் மாறவில்லை, ஆனால் அதைக் கோணமாக்கும் நீளம் கூடிவிட்டது. ஆகவே கோணம் குறையும். லென்ஸின் குவியத் தூரம் 150 மிமீ என்று வைத்துக்கொண்டால் 10 மீட்டரில் பிம்பத் தூரம் 152 மிமீக்குச் சற்று அதிகம். சுமார் ஒன்றரை சதவீதம் கிளிக் சிறுத்துக் காட்டும். பக்கவாட்டில் ஃபோகஸ் நாப் உள்ள ஸ்கோப்புகளில் உள்லென்ஸ் நகர்வதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. உங்களுடையது முன் வளையம், பொருந்தும்.

அதாவது 84.3 என்பது 83 ஆகிறது. உங்களுக்கு வந்தது 82. மிச்சம் ஒரு மிமீ. கிராஃப் தாளில் கண்ணால் படிக்கும்போது அரை மிமீ முன்பின் ஆகத்தான் செய்யும். இதை வைத்து ஸ்கோப்பைக் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை.

ரசமட்டம் | திங்கள், காலை 8.10

நான் கட்டட வேலை. ஸ்கோப் பற்றி எனக்குத் தெரியாது, என் அக்கா மகன் இதைப் படிக்கச் சொன்னான். தாளை நேராக ஒட்டியிருக்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி. சுவரையும் கதவு நிலையையும் நம்பாதீர்கள், பழைய வீட்டில் எல்லாம் சாய்ந்துதான் இருக்கும். தாளுக்கு முன்னால் ஒரு தூக்குக்குண்டு விடுங்கள். நூல் ஆடினால் குண்டைத் தண்ணீர் உள்ள டம்ளருக்குள் இறக்கிவிடுங்கள், நின்றுவிடும். ஸ்கோப்பின் செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு சேருங்கள். மேலே போகும்போது கோடு நூலை விட்டு விலகினால் ஸ்கோப் சாய்ந்திருக்கிறது.

தண்டையார்பேட்டைக்காரன் | திங்கள், இரவு 8.50

அருமை அண்ணே. இன்று செய்து பார்த்தேன். 120 கிளிக்குக்குள் கோடு நூலை விட்டு நாலரை மிமீ பக்கவாட்டில் போனது. கிட்டத்தட்ட மூன்று டிகிரி சாய்வு. குறுக்குக்கோடே சாய்ந்திருக்கிறதா, வளையத்தில் நான் வைத்தது சாய்வா?

திருவொற்றியூர் 10மீ | திங்கள், இரவு 9.05

முதலில் செங்குத்துக் கோட்டை நூலோடு அச்சாகச் சேர்த்துவிட்டு, பிறகு நாபைத் திருப்பினீர்களா? அப்படியும் விலகினால் குறுக்குக்கோட்டுக்கும் நாபுக்கும் உள்ளேயே கோணல் இருக்கிறது. சேர்க்காமல் திருப்பியிருந்தால் நீங்கள் வைத்த சாய்வு. மூன்று டிகிரிச் சாய்வு உயர அளவைப் பெரிதாகக் கெடுக்காது, ஆயிரத்தில் ஒரு பங்குதான் குறையும். பக்கவாட்டில்தான் அடி.

தண்டையார்பேட்டைக்காரன் | திங்கள், இரவு 9.40

சேர்க்கவில்லை அக்கா. இப்போது வளையத்தைத் தளர்த்தி நூலோடு சேர்த்துவிட்டுத் திரும்பச் செய்தேன். 120 கிளிக் முழுவதும் நூலின் மேலேயே நடந்தது. உள்ளே கோணல் இல்லை.

ஆனால் இடையில் ஒரு தொந்தரவு. எட்டரை மணிக்கு மேல் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கூடிவிடுகின்றன. லாரி போகும்போதெல்லாம் குறுக்குக்கோடு நடுங்குகிறது. கட்டை நகர்ந்ததா, வீடு அதிர்ந்ததா என்று தெரியவில்லை.

வியாசர்பாடி லேத் | திங்கள், இரவு 10.20

அதற்கு ஒரு சாட்சி வை. கீ செயினில் வருமே லேசர், அதை அதே கட்டையின் மேல் நன்றாக ஒட்டி, தாளின் ஓரத்தில் புள்ளி விழும்படி வை. புள்ளியின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடு. நாபைத் திருப்பிய பிறகும் புள்ளி வட்டத்துக்குள்ளேயே இருந்தால் கட்டை அசையவில்லை. வெளியே வந்திருந்தால் அந்த அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பி. ஸ்கோப்பில் கண் வைத்திருக்கும்போது லேசரை அணைத்துவிடு. நடையில் யாரும் குறுக்கே வரக் கூடாது.

அதிகாலை நாலரைக்குச் செய். எங்கள் பட்டறையில் நுண்ணிய அளவு எல்லாம் அந்த நேரத்தில்தான் எடுப்போம்.

கொருக்குப்பேட்டை பையன் | திங்கள், இரவு 10.31

மாடியில் சொன்னதற்கு மன்னிக்கவும் அக்கா. என் ஸ்கோப்பில் 0.1 மில் என்று இருக்கிறது. கணக்கு எப்படி?

திருவொற்றியூர் 10மீ | திங்கள், இரவு 10.36

உனக்கு இன்னும் சுலபம். ஒரு மில் என்றால் தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 மீட்டரில் ஒரு கிளிக் 1 மிமீ. நூறு கிளிக் 10 சென்டிமீட்டர். முன் கண்ணாடியிலிருந்து அளக்க மறக்காதே. மொட்டை மாடியில் ஸ்கோப்பை மட்டும் வைத்து அளந்தாலும் கிழக்கே திருப்பாதே, காலையில் கடல் மேல் சூரியன் நேராக நிற்கும். ஸ்கோப் வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும்.

தாளுக்கு இன்னொரு வழி: 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி அட்டை. எங்கள் போட்டியில் ஸ்கோப் கிடையாது, துளைக் குறிதான், ஆனால் அட்டை நல்ல அளவுகோல். வெளி வளையத்தின் விட்டம் 45.5 மிமீ, ஒவ்வொரு வளையத்துக்கும் 5 மிமீ விட்ட வித்தியாசம். கணினியில் எடுக்கும் பிரின்ட் பக்கத்துக்குத் தகுந்தபடி சுருங்கிவிடும். ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் அதை நம்பக் கூடாது.

தண்டையார்பேட்டைக்காரன் | புதன், காலை 6.15

இன்று அதிகாலை நாலேகாலுக்கே எழுந்தேன். லேசர் சாட்சி, தூக்குக்குண்டு, முன் கண்ணாடியிலிருந்து சரியாக 10 மீட்டர். கண் நகர்ந்தால் குறுக்குக்கோடும் நகர்வதுபோல் தெரிந்தது, அதனால் பின் கண்ணாடிக்குக் கறுப்பு அட்டையில் 3 மிமீ துளை போட்டு மாட்டி, போனை ஸ்டாண்டில் வைத்துப் படம் எடுத்தேன். இருபது கிளிக்குக்கு ஒரு படம். பிறகு நிதானமாகப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

120 கிளிக் மூன்று முறை: 85.5, 85, 86 மிமீ. சார் சொன்ன ஃபோகஸ் கணக்கைச் சேர்த்தால் 86 வர வேண்டும். அரை சதவீதம்தான் குறை! லேசர் புள்ளி மூன்று முறையும் வட்டத்துக்குள்.

ஸ்கோப் நல்ல ஸ்கோப் என்று தெரிந்துவிட்டது. ஆனால் தோப்பில் ஏன் தாழ்ந்து விழுகிறது?

பழைய பௌதிகம் | புதன், காலை 7.40

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். 24 கிளிக் என்றால் 6 எம்ஓஏ. அதில் ஆறு சதவீதமே குறைந்தாலும் 45 மீட்டரில் 5 மிமீக்குள்தான் வரும். நீங்கள் சொல்வது ஒரு சென்டிமீட்டர். ஆரம்பத்திலிருந்தே கிளிக் அளவு இதற்குக் காரணமாக இருக்க முடியாது. எல்லாக் குண்டும் தாழ்கிறதா?

தண்டையார்பேட்டைக்காரன் | புதன், காலை 8.02

இல்லை சார். நாபை ஏற்றியதும் முதல் இரண்டு மூன்று குண்டுகள்தான். அப்புறம் மெல்ல மேலே வந்து சரியாகிவிடும். நான் சூடுபிடிக்கவில்லை என்று நினைத்து அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

வியாசர்பாடி லேத் | புதன், காலை 8.15

இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் தம்பி!

உள்ளே இருப்பது இதுதான். ஒரு பக்கம் நாபின் திருகு குழாயை அழுத்துகிறது, எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் தள்ளிப் பிடித்திருக்கிறது. கீழே இறக்கும்போது திருகு குழாயைத் தள்ளும், கட்டாயம் நகரும். மேலே ஏற்றும்போது திருகு வெளியே போகும், குழாய் பின்னாலேயே வர வேண்டியது ஸ்பிரிங்கின் பொறுப்பு. ஸ்பிரிங் சோம்பினால் குழாய் பாதியில் நின்றுவிடும். நாபில் 24 கிளிக் ஆகியிருக்கும், உள்ளே 21தான். இரண்டு மூன்று குண்டு சுட்டால் அந்த உதையில் குலுங்கி மிச்சமும் வந்துவிடும். ஸ்பிரிங் ரைஃபிளில் பின்னால் ஒரு உதை, பிஸ்டன் முட்டும்போது முன்னால் ஒரு உதை. ஸ்கோப்புக்கு அது நல்ல சுத்தியல்.

நீ அளந்தது எந்தத் திசை? இறக்கிக்கொண்டே போனாயா?

தண்டையார்பேட்டைக்காரன் | புதன், காலை 8.20

ஆமாம் அண்ணே, எல்லா முறையும் மேலிருந்து கீழேதான். மேலே ஏற்ற இடமில்லை. என் ஜீரோவே உச்சிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதற்கு மேல் முப்பது கிளிக் சொச்சம்தான் பாக்கி.

வியாசர்பாடி லேத் | புதன், காலை 8.34

கிடைத்துவிட்டது. மடக்கும் பேரல் பல ரைஃபிள்களில் சற்றுத் தொங்கித்தான் நிற்கும். அதை ஈடுகட்ட நாபை உச்சி வரை ஏற்றியிருக்கிறாய். அந்த இடத்தில் ஸ்பிரிங் முழுக்க விரிந்து, தள்ளும் சக்தியே இல்லாமல் நிற்கும்.

நாளைக் காலை இதை மட்டும் செய். ஜீரோவுக்குப் பத்து கிளிக் மேலே போய் இறங்கி வந்து படம் எடு. பத்து கிளிக் கீழே போய் ஏறி வந்து படம் எடு. பிறகு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் நாபின் பக்கத்தில் மெல்லத் தட்டி இன்னொரு படம்.

தண்டையார்பேட்டைக்காரன் | வியாழன், காலை 5.50

படங்களைப் பார்த்து எனக்குப் புல்லரித்துவிட்டது. மேலிருந்து இறங்கி வந்தால் ஐந்து முறையும் குறுக்குக்கோடு ஒரே புள்ளியில். கீழிருந்து ஏறி வந்தால் அந்தப் புள்ளியை எட்டாமல் 2 மிமீக்குச் சற்று அதிகமாக விட்டு நிற்கிறது. மூன்று கிளிக்! தட்டினேன். என் கண் முன்னால் குறுக்குக்கோடு துள்ளி வந்து சரியான புள்ளியில் உட்கார்ந்தது. லேசர் அசையவே இல்லை.

மூன்று கிளிக் என்றால் முக்கால் எம்ஓஏ. 45 மீட்டரில் 9.8 மிமீ. அந்த ஒரு சென்டிமீட்டர் இதுதான்.

பழைய பௌதிகம் | வியாழன், காலை 7.10

மிக நல்ல சோதனை. ஒரு திசையில் மட்டும் அளந்திருந்தால் இதைக் கண்டுபிடித்தே இருக்க மாட்டீர்கள். இப்போதைக்கு ஏற்ற வேண்டிய அளவைவிட எட்டு கிளிக் கூடுதலாக ஏற்றி, எட்டு கிளிக் இறக்கி நிறுத்துங்கள். கடைசித் தள்ளு எப்போதும் திருகினுடையதாக இருக்கும்.

தண்டையார்பேட்டைக்காரன் | வியாழன், காலை 7.25

செய்கிறேன் சார். கடைக்கு இன்றுதான் கடைசி நாள். கொடுக்கவா வேண்டாமா?

வியாசர்பாடி லேத் | வியாழன், காலை 7.41

கொடுக்காதே. ஸ்கோப்பின் பின்பக்கத்தை உயர்த்தினால் நாபை இவ்வளவு ஏற்ற வேண்டியதில்லை. அதற்குச் சிலர் பின்பக்க வளையத்தின் அடியில் கூல்டிரிங்க் டின் தகட்டை வெட்டி வைப்பார்கள். அதையும் செய்யாதே, இரண்டு வளையமும் வேறு வேறு கோட்டில் நின்று குழாயை வளைக்கும். சனிக்கிழமை ரைஃபிளின் மவுன்ட் அடிக்கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வா, துப்பாக்கி வேண்டாம். ரைஃபிளின் மேல் மவுன்ட் பிடிக்கும் 11 மிமீ டவ்டெயில் பள்ளத்துக்கு ஒரே துண்டாக ஒரு அடிக்கட்டை போடுகிறேன். 100 மிமீ நீளத்துக்குப் பின்பக்கம் 0.58 மிமீ உயரம் வைத்தால் 20 எம்ஓஏ சாய்வு. நாப் 80 கிளிக் கீழே இறங்கி நடுவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஸ்பிரிங்குக்கு உயிர் திரும்பும்.

திருவொற்றியூர் 10மீ | வியாழன், காலை 8.00

வளையத் திருகுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தூக்குக்குண்டு வைத்துச் சரிசெய்த சாய்வு மீண்டும் வந்துவிடும்.

தண்டையார்பேட்டைக்காரன் | அடுத்த திங்கள், இரவு 9.30

சனிக்கிழமை மாலை லேத் அண்ணன் பட்டறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டயல் கேஜை வைத்து இரு முனையும் எனக்குக் காட்டினார்: 0.59 மிமீ. ஞாயிறு காலை முதலில் தோப்பில் 25 மீட்டர் ஜீரோ. நாப் இப்போது 78 கிளிக் கீழே நிற்கிறது. 45 மீட்டருக்கு நேராக 24 கிளிக் ஏற்றினேன், எட்டு ஏற்றி இறக்கும் வேலை இல்லாமல். முதல் குண்டிலிருந்து பத்தாவது வரை ஒரே கூட்டம், தாழ்ந்தது ஒன்றுகூட இல்லை.

இன்று அதிகாலை மறுபடியும் நடையில் வைத்தேன். மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும் வித்தியாசம் கிராஃப் தாளில் அரைக் கட்டம்கூட இல்லை. தட்டினேன், துள்ளவில்லை.

கொருக்குப்பேட்டை பையன் | அடுத்த திங்கள், இரவு 9.44

அண்ணே, அந்தத் தேக்குக் கட்டையும் லேசரும் ஒரு வாரத்துக்குக் கிடைக்குமா? எங்கள் வீட்டில் 13 மீட்டர் இல்லை. பாட்டி வீட்டுத் தாழ்வாரம் 11 மீட்டர் இருக்கிறது, கேட்டுவிட்டேன், சரி என்றுவிட்டார்.

தண்டையார்பேட்டைக்காரன் | அடுத்த திங்கள், இரவு 9.47

புதன்கிழமை மாலை வந்து எடுத்துக்கொள். தூக்குக்குண்டும் தருகிறேன். கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டி போகாத நேரம் எது என்று முதலில் இரண்டு நாள் குறித்து வை.